மனிதப் புரதம் யாரிடமிருந்து எடுத்தது? ஒரு நூறு வருஷக் கதை

பதிவு கொஞ்சம் நீளம். ராத்திரி சாப்பாடு முடிந்து சாவகாசமாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் ஒரு தம்பி போன வாரம் ஒரு படம் போட்டிருந்தார். சென்னைப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறார். சுண்டு விரல் உயரத்தில் ஒரு குப்பி. அதில் ஒட்டியிருந்த சீட்டில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "மறுசேர்க்கை மனிதப் புரதம். 10 மைக்ரோகிராம். ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்." ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டு, அதில் பத்து பங்கு. குப்பிக்குள் ஒன்றும் இல்லாதது போலத்தான் தெரிகிறது. எடைக்கு எடை பார்த்தால் தங்கம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

அந்தப் படத்தை நம் குடும்பக் குழுவிலும் போட்டேன். என் சித்தி மகள் உடனே கேட்டாள்: "அண்ணா, மனிதப் புரதம்னா மனுஷங்க உடம்புலேருந்து எடுக்கறதா? யாருகிட்டேருந்து எடுத்தாங்க?"

ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். அந்தக் குப்பிக்காக யார் உடம்பிலும் கை வைக்கவில்லை. ஆனால் "யாருகிட்டேருந்து எடுத்தாங்க?" என்ற கேள்வி இருக்கிறதே, அது லேசான கேள்வி அல்ல. புரத மருந்துகளின் நூறு வருஷ வரலாற்றையே அந்த ஒரு கேள்வியை வைத்துச் சொல்லிவிடலாம். அந்த வரலாறு கடைசியில் நம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில்தான் வந்து நிற்கிறது. அதனால் முழுக் கதையையும் சொல்கிறேன்.

முதலில் புரதம் என்றால் என்ன என்று ஒரு சின்னப் பாடம். பருப்பு, முட்டை என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். நம் உடம்பில் வேலை செய்கிறவை எல்லாம் பெரும்பாலும் புரதங்கள்தான். சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின், நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருள், தோலையும் எலும்பையும் தாங்கும் கொலாஜன், எல்லாம் புரதம். அமினோ அமிலம் என்ற மணிகள் 20 வகை. அவற்றை ஒரு குறிப்பிட்ட வரிசையில் கோத்த மாலைதான் புரதம். இன்சுலின் சின்ன மாலை; 51 மணிகள். வரிசை முக்கியம். 'மரம்' என்ற சொல்லில் ஓர் எழுத்து மாறினால் 'மறம்' ஆகிவிடுகிறது இல்லையா? அதுபோல ஒரு மணி மாறினாலும் சில நேரம் பொருளே மாறிப்போகும். எந்த மணிக்குப் பின் எந்த மணி என்ற குறிப்பு நம் மரபணுவில் எழுதியிருக்கிறது. குறிப்பைப் படித்து மணியைக் கோக்கும் பட்டறையின் பெயர் ரைபோசோம். அதன் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.

சரி, இப்போது வரலாற்றுக்கு வருவோம்.

மருந்துக்கு ஒரு புரதம் வேண்டும் என்றால் அந்தக் காலத்தில் ஒரே வழிதான் இருந்தது. ஓர் உயிரின் உடம்பிலிருந்து எடுக்க வேண்டும். கிண்டியில் கிங் இன்ஸ்டிட்யூட் தெரியுமல்லவா? 1899-ல் தொடங்கியது. பெரியம்மைக்கான தடுப்பு மருந்தைக் கன்றுக்குட்டிகளின் தோலில் வளர்த்து எடுத்த இடம் அது. தொண்டை அடைப்பான் நோய்க்கும் பாம்புக் கடிக்கும் குதிரை. குதிரைக்கு நஞ்சைச் சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழக்கி, அதன் ரத்தத்தில் ஊறும் எதிர்ப்பொருளைப் பிரித்து மனிதனுக்குப் போடுவார்கள். அப்படித் தொண்டை அடைப்பானை வென்றதற்காகத்தான் எமில் வான் பேரிங்குக்கு 1901-ல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசே கிடைத்தது.

இன்சுலின் கதையும் அப்படித்தான். 1921-ல் கனடாவின் டொரண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் இருவரும் நாயின் கணையத்திலிருந்து அதைப் பிரித்தார்கள். 1922 ஜனவரி 11 அன்று லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு மாட்டுக் கணையச் சாற்றை ஊசியாகப் போட்டார்கள். அது சரியாகச் சுத்தமாகவில்லை, ஒவ்வாமை வந்தது. காலிப் என்பவர் அதை இன்னும் சுத்தம் செய்து கொடுத்தார். ஜனவரி 23-ல் மறுபடி போட்டபோது பையன் பிழைத்துக்கொண்டான். அதற்கு முன்பு அந்த வகைச் சர்க்கரை நோய் வந்த பிள்ளைகளுக்கு மரணம் நிச்சயம். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்த ஒரு டாலரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அதன் பிறகு 60 வருஷம் உலகத்தின் இன்சுலின் எல்லாம் கசாப்புக் கூடங்களிலிருந்துதான் வந்தது. 8 அவுன்ஸ், அதாவது கால் கிலோவுக்கும் குறைவான சுத்தமான இன்சுலினுக்கு, 2 டன்னுக்கு மேல் பன்றி உறுப்புகள் வேண்டியிருந்தன. நம் ஊரில் அந்த மருந்தை நம்பித்தான் டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1954-ல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையும் கண்டார். "இது மாட்டிலிருந்தா, பன்றியிலிருந்தா?" என்று கேட்டுத் தயங்கிய குடும்பங்கள் நம்மிலும் உண்டு. உயிர் பெரிதா, ஆசாரம் பெரிதா என்று வீட்டுக்குள் வாக்குவாதம் நடந்த காலம் அது. இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

பன்றி இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் ஒரே ஒரு மணிதான் வித்தியாசம். மாட்டு இன்சுலினில் மூன்று மணி. பெரும்பாலோருக்கு ஒத்துக்கொண்டது. சிலருக்கு ஒவ்வாமை வந்தது.

இதுவரை மிருகங்கள். இனி மனிதன்.

எல்லாப் புரதத்துக்கும் மிருகம் கை கொடுக்காது. குழந்தைகள் உயரமாக வளரத் தேவையான வளர்ச்சி ஹார்மோனை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டு ஹார்மோன் மனிதனிடம் வேலை செய்யவில்லை. மனித ஹார்மோனே வேண்டும். எங்கே போவது? 1958 முதல், இறந்தவர்களின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்தார்கள். ஒரு பிள்ளைக்குச் சிகிச்சை கொடுக்கப் பல உடல்கள் தேவைப்பட்டன. 1985-ல் பேரிடி. சிறு வயதில் இந்த ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் சிலர் க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் என்ற மூளை அழிவு நோயால் இறந்தார்கள். இறந்தவர்களின் சுரப்பியோடு நோயும் சேர்ந்து வந்திருக்கிறது. அமெரிக்கா அந்த ஆண்டே அதை நிறுத்தியது.

இன்னொன்று. டயாலிசிஸ் செய்துகொள்ளும் நம் உறவினர்கள் சிலருக்கு ரத்தம் ஊற ஒரு ஊசி போடுகிறார்கள் அல்லவா? அது எரித்ரோபொய்ட்டின் என்ற புரதம். ஆரோக்கியமான சிறுநீரகம் தானே செய்துகொள்ளும். அதை முதன்முதலில் சுத்தமாகப் பிரித்தெடுத்தவர்கள் அமெரிக்காவின் கோல்ட்வாஸரும் ஜப்பானின் மியாகேயும். எதிலிருந்து தெரியுமா? ஜப்பானில் ரத்தம் ஊறாத நோயால் அவதிப்பட்டவர்களின் சிறுநீரிலிருந்து. மொத்தம் 2,550 லிட்டர்! 1977-ல் முடிவை வெளியிட்டபோது கையில் இருந்தது சில மில்லிகிராம்தான். சிறுநீர் கொடுத்த அந்த நோயாளிகளின் பெயர் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

ஆக, 1970-கள் வரை "யாருகிட்டேருந்து எடுத்தாங்க?" என்றால் பதில் கன்று, குதிரை, பன்றி, பிணம், நோயாளி. எல்லாம் குறைவாகக் கிடைப்பவை, சில நேரம் ஆபத்தானவை.

இதை மாற்றுவதற்கு முன் மாலையின் வரிசை தெரிய வேண்டும், அது எப்படி மடிந்து உருவம் எடுக்கிறது என்பதும் தெரிய வேண்டும். இன்சுலினின் மணி வரிசையை முழுதாகப் படித்துச் சொன்னவர் இங்கிலாந்தின் ஃப்ரெடெரிக் சாங்கர். 1958-ல் நோபல். மடிப்பைப் புரிந்துகொண்டதில் நம் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தவர் ஜி.என். ராமச்சந்திரன். அப்போது அவருக்கு 30 வயது. 1954-ல் கோபிநாத் கர்த்தா என்பவரோடு சேர்ந்து, கொலாஜன் மூன்று புரிகளை முறுக்கிய கயிறு போல இருக்கிறது என்று உலகுக்குச் சொன்னார். அதற்கும் மிருகம்தான் உதவியது. கங்காருவின் வால் தசைநார்! 1963-ல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடு சேர்ந்து ஒரு வரைபடம் போட்டார். புரத மாலை எந்தக் கோணத்தில் திரும்பலாம், எந்தக் கோணத்தில் திரும்ப முடியாது என்பதைக் காட்டும் படம். இன்றைக்கும் உலகில் எந்த ஆய்வகம் ஒரு புரதத்தின் அமைப்பைத் தீர்மானித்தாலும், ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். என் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கை தூக்குங்கள் பார்ப்போம்!

அடுத்தது மரபணுவை எழுதுவது. அதில் முன்னோடி ஹர் கோவிந்த் கொரானா. இன்று பாகிஸ்தானில் இருக்கும் ராய்ப்பூர் என்ற குக்கிராமத்தில் பிறந்தவர். நூறு பேர் வசித்த ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே குடும்பம் ஏறக்குறைய அவருடையதுதான். ஆரம்பப் பாடம் மரத்தடியில். 1968-ல் நோபல் பரிசு. 1970-ல் ஒரு மரபணுவை முழுக்க முழுக்க ரசாயனக் குடுவையிலேயே செய்து காட்டினார். மரத்தடிப் பள்ளி என்றால் இளக்காரமாகப் பார்க்கிறவர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

1973-ல் அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பாயரும் ஓர் உயிரின் டி.என்.ஏ. துண்டை வெட்டி, இன்னொன்றோடு ஒட்டி, பாக்டீரியாவுக்குள் செலுத்தினார்கள். வெட்டிச் சேர்ப்பதால் 'மறுசேர்க்கை'. நம் குடலிலேயே வாழும் இ.கோலி என்ற பாக்டீரியாவுக்கு மனித மரபணுக் குறிப்பைக் கொடுத்தால், அது தன் வேலை என்று நினைத்துக்கொண்டு மனிதப் புரதத்தைச் செய்து கொடுக்கும். குயில் முட்டையைக் காகம் அடைகாக்கிற கதைதான். 1977-ல் 14 மணிகள் மட்டுமே உள்ள சொமாட்டோஸ்டாடின் வந்தது. 1978-ல் மனித இன்சுலின். 1982-ல் அது மருந்தாக அமெரிக்க அனுமதி பெற்றது. வளர்ச்சி ஹார்மோனுக்கு 1985-லும், எரித்ரோபொய்ட்டினுக்கு 1989-லும் இதே வழி பிறந்தது. பிணத்துக்கும் பன்றிக்கும் விடுதலை.

இந்தியாவில் மறுசேர்க்கை முறையில் உருவாக்கப்பட்டு விற்பனைக்கு வந்த முதல் மருந்து, 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் கொண்டுவந்த மஞ்சள் காமாலை 'பி' தடுப்பூசி. அது வைரஸின் புரதம். மனித இன்சுலினை 2003-ல் வோக்கார்ட் நிறுவனமும், 2004-ல் பெங்களூரின் பயோகானும் இங்கேயே தயாரித்து வெளியிட்டன. இன்று உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும் இன்சுலின், பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ செய்தது. ஈஸ்ட் என்றால் தோசை மாவு பொங்குவதற்குத் துணை நிற்கிறதே, அந்தக் குடும்பத்துப் பிராணிதான்.

இப்போது தம்பி காட்டிய குப்பிக்கு வருவோம். அது மருந்தல்ல, ஆராய்ச்சிக்காரர்களின் கருவி. ஒரு புது மருந்து மனித உடம்பில் எந்தப் புரதத்தோடு ஒட்டுகிறது என்று பார்க்கவும், ரத்தப் பரிசோதனைக் கருவி சரியாக அளக்கிறதா என்று ஒத்துப் பார்க்கவும் சுத்தமான மாதிரி வேண்டும். நம் கடைத்தெருவில் தராசுக்கு முத்திரை படிக்கல் இருப்பது போல. செய்முறையும் சுவாரசியம். மாட்டுக்குக் காதில் அட்டை கட்டுவார்கள் அல்லவா, அதுபோல வேண்டிய புரதத்தின் வாலில் ஹிஸ்டிடின் என்ற மணியை ஆறு முறை கோத்துவிடுகிறார்கள். செல்களை உடைத்துச் சாற்றை நிக்கல் பூசிய சிறு மணிகள் நிரம்பிய குழாய் வழியே ஊற்றினால், அட்டை கட்டியது மட்டும் நிக்கலில் பிடித்துக்கொள்ளும். மற்றதெல்லாம் ஓடிவிடும். பிறகு அதைக் கழற்றி எடுத்து, உறைய வைத்து, உலர்த்திக் குப்பியில் அடைப்பார்கள்.

"ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்ற வரியைப் பற்றி உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் என் பேரப் பிள்ளைகள் வயதுத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. மனிதனுக்குப் போடத் தகுந்த சுத்தத்தில் அது செய்யப்படவில்லை, சோதிக்கப்படவும் இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். அதே சீட்டை ஒட்டி, உடம்பு முறுக்கேறும் என்று ஆசை காட்டி இணையத்தில் ஊசிகள் விற்கிறார்கள். கிட்டே போகாதீர்கள். வாத்தியார் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போதாவது "யாரிடமிருந்தும் இல்லை" என்று சொல்லிவிடலாமா? அவ்வளவு சுலபமில்லை. பாக்டீரியாவால் சில பெரிய புரதங்களைச் சரியாகச் செய்ய முடியாது. அவற்றுக்கு எலியினத்தைச் சேர்ந்த சீன வெள்ளெலியின் கருப்பைச் செல்களை வளர்க்கிறார்கள். 1957-ல் எடுத்த செல்கள், இன்றும் பெருகிக்கொண்டே இருக்கின்றன. இன்னொன்று எச்.இ.கே. 293. 1973-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில், பிறக்காத ஒரு கருவின் சிறுநீரகச் செல்லிலிருந்து உருவாக்கியது. 293 என்பது அந்த விஞ்ஞானியின் சோதனை எண். அந்தத் தாய் யார் என்று உலகத்துக்குத் தெரியாது.

பெயர் தெரிந்த ஒருவரும் உண்டு. ஹென்ரியெட்டா லாக்ஸ், அமெரிக்காவின் கறுப்பினப் பெண், ஐந்து பிள்ளைகளின் தாய். 1951-ல் 31 வயதில் புற்றுநோயால் இறந்தார். அவரைக் கேட்காமலேயே எடுத்த செல்கள் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்ந்தன, விற்கப்பட்டன. குடும்பத்துக்குப் பல வருஷம் தெரியவே தெரியாது. ஆய்வகப் பொருள் விற்கும் ஒரு பெரிய நிறுவனத்தின் மீது அவர் குடும்பம் வழக்குப் போட்டு, 2023 ஆகஸ்டில்தான் சமரசம் ஆனது. 72 வருஷம் கழித்து!

ஆக, உடம்பிலிருந்து புதிதாக எடுக்க வேண்டிய தேவை குறைந்தது. ஆனால் முதலில் கொடுத்தவர் ஒருவர் எங்கோ இருக்கிறார். அவருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. இந்தக் கேள்வியோடுதான் நான் நம் ஊர்ப் பக்கம் வருகிறேன்.

செய்யூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போனால், மாமல்லபுரம் தாண்டி வடநெம்மேலி. முதலைப் பண்ணை என்று நீங்கள் எல்லோரும் சுற்றுலா போன இடம். அதே வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்பு விஷம் என்பதும் பெரும்பாலும் புரதங்களின் கலவைதான். இந்தியாவில் பாம்புக் கடிக்கான மருந்து தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தில் பெரும்பகுதி இந்த ஒரு சங்கத்திலிருந்து போகிறது.

இருளர்களை நம் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. வயலில் எலி வளை வெட்டி, எலி சேர்த்து வைத்த நெல்லை எடுத்தவர்கள். மண்ணில் கிடக்கும் தடத்தைப் பார்த்தே என்ன பாம்பு, எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் போனது என்று சொல்லிவிடுவார்கள். என் வகுப்பில் படித்த இருளர் பிள்ளைகள், நான் புத்தகத்தில் படித்துச் சொன்னதைத் தரையைப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் பாம்புத் தோல் விற்றுப் பிழைத்தார்கள். தோலை உரித்து லாபம் பார்த்தவர்கள் வேறு யாரோ. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடையானது. நல்ல சட்டம்தான். ஆனால் ஒரு சமூகத்தின் அடுப்பு ஒரேயடியாக அணைந்தது. அதன் பிறகுதான் ரோமுலஸ் விட்டேகர் அவர்களோடு சேர்ந்து யோசித்து, 1978-ல் இந்தச் சங்கம் பதிவானது. கொல்லாமல் விஷம் மட்டும் எடுப்பது என்று வழி மாறியது.

நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கு வகை. பிடித்து வந்து பானையில் வைத்து, சில வார இடைவெளிக்குள் நான்கு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டிவிட்டுத் திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். அடையாளம் இருப்பதால் அதையே உடனே மறுபடி பிடிக்க மாட்டார்கள். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு அரசு அனுமதி வேண்டும். உலர்த்திய விஷப் பொடி மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்துகிறார்கள். பேரிங் காலத்து முறை, 130 வருஷம் ஆகியும் அதேதான்! உலகமே மறுசேர்க்கைக்கு மாறிவிட்டது. பாம்புக் கடிக்கு மட்டும் இன்னும் குதிரை. காரணம் எளிது. பாம்பு கடிப்பது வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்தார்கள் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். பணக்கார நாட்டில் இப்படி நடந்திருந்தால் ஆராய்ச்சிப் பணம் எப்போதோ கொட்டியிருக்கும்.

இப்போதுதான் கொஞ்சம் மாறுகிறது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் ஆய்வு நிறுவனமும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனகர் குழுவினரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விஷப் புரதத்தைப் பாம்பிலிருந்து கறக்காமல் ஆய்வகச் செல்களிலேயே செய்து, அதோடு ஒட்டக்கூடிய மனித எதிர்ப்பொருளைக் கோடிக்கணக்கான மாதிரிகளிலிருந்து தேடிப் பிடித்திருக்கிறார்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன் குடும்பத்து விஷத்தில் ஒரு முக்கியப் பகுதியை அது எலிகளில் தடுத்தது. பாருங்கள், தம்பியின் குப்பியில் இருப்பதும் இதுவும் ஒரே குடும்பம்: மறுசேர்க்கை மனிதப் புரதம். 2025 மே மாதம் இன்னொரு செய்தி. டிம் ஃப்ரீட் என்ற அமெரிக்கர் ஏறக்குறைய 18 வருஷம் தனக்குத் தானே பாம்பு விஷம் ஏற்றிக்கொண்டவர். அவர் ரத்தத்திலிருந்து கண்டெடுத்த எதிர்ப்பொருள்களின் குறிப்பை வைத்து ஆய்வகத்தில் புரதம் செய்து, ஒரு ரசாயன மருந்தையும் சேர்த்து, 19 வகைப் பாம்புகளின் விஷத்துக்கு எதிராக எலிகளில் சோதித்தார்கள். 13 வகையில் முழுப் பாதுகாப்பு, மீதியில் ஓரளவு. குதிரை செய்த வேலையை ஒரு மனிதர் செய்திருக்கிறார்!

இரண்டும் இன்னும் எலியைத் தாண்டவில்லை. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் வேறு ஜாதி. அதற்கு இவை உதவாது. விஷமும் ஊருக்கு ஊர் மாறுகிறது. நம் கடற்கரைப் பாம்பின் விஷத்தை வைத்துச் செய்த மருந்து வடகிழக்கிலும் ராஜஸ்தானிலும் குறைவாகவே வேலை செய்கிறது என்று கண்டிருக்கிறார்கள். எந்தப் புது மருந்தானாலும் கடைசியில் நிஜப் பாம்பின் நிஜ விஷத்தோடுதான் மோத விட்டுப் பார்க்க வேண்டும். ஆகவே இருளர்களின் வேலை நாளைக்கே போய்விடாது. ஆனால் ஒருநாள் குறையும். பன்றிக் கணையத்துக்கு நேர்ந்தது பாம்புப் பானைக்கும் நேரும். 58,000 உயிர் பிழைக்கும் என்றால் அது நேரத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் கவலை வேறு. 1976-ல் தோல் வியாபாரம் நின்றபோது இருளர்களைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. இந்த முறை யோசிக்க நமக்கு நேரம் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002-ல் வந்தது. ஒரு சமூகத்தின் அறிவைப் பயன்படுத்தினால் லாபத்தில் பங்கு தர வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. அதை நடத்தும் தேசிய ஆணையம் வேறெங்கும் இல்லை, நம் தரமணியில்தான். முன்மாதிரியும் உண்டு. அகத்தியர் மலையின் காணிப் பழங்குடியினர் காட்டிய ஒரு மூலிகையிலிருந்து கேரளத் தாவரவியல் பூங்கா 1990-களில் ஒரு மருந்து செய்தது. வந்த பணத்தில் பாதியைக் காணிகளின் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். குறைகள் இருந்தன, ஆனாலும் கொடுத்தார்கள்.

இன்சுலின் கண்டவர்கள் ஒரு டாலர் போதும் என்றது அவர்களாக விரும்பிச் சொன்னது. கேட்காமலே எடுத்துக்கொண்டு ஒன்றும் கொடுக்காமல் விடுவது வேறு. வடநெம்மேலியிலிருந்து போகும் விஷத்தை வைத்து நாளைக்கு ஒரு மறுசேர்க்கை மருந்து வந்தால், அதன் கணக்கில் இருளர் சங்கத்துக்கும் ஒரு வரி இருக்க வேண்டும். விஷம் எடுப்பது குறையும் நாளில், விஷ ஆய்வகத்தில் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு நிற்பவர்களில் இருளர் வீட்டுப் பெண்ணும் பையனும் இருக்க வேண்டும். அதற்கு இன்றைக்கு அவர்கள் பத்தாம் வகுப்பைத் தாண்ட வேண்டும், பன்னிரண்டில் அறிவியல் எடுக்க வேண்டும், சாதிச் சான்றிதழுக்காக அலையவிடாமல் இருக்க வேண்டும். நம் மாவட்டத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2017-ல் ஃப்ளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டியவர்கள். பெருமைதான். விருது இருவருக்கு, படிப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

என் மாணவர்களில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், வருவாய்த்துறையில் இருக்கிறீர்கள், ஆய்வகத்திலும் மருந்துக் கம்பெனியிலும் இருக்கிறீர்கள். உங்கள் மேசைக்கு ஓர் இருளர் பிள்ளையின் விண்ணப்பம் வந்தால் அன்றைக்கே பாருங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

கடைசியாக, புது மருந்து வரும்வரை குதிரை மருந்துதான் நமக்குத் தெய்வம். அரசு மருத்துவமனையில் இலவசம். பாம்பு கடித்தால் கட்டுப் போட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடித்த கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். மந்திரிக்கப் போய் நேரத்தைத் தொலைக்க வேண்டாம். இரவில் வரப்பில் நடந்தால் டார்ச் லைட் கட்டாயம்.

சித்தி மகளே, உன் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீண்டுவிட்டது. சந்தேகம் இருந்தால் எல்லோரும் கீழே கேளுங்கள். தெரிந்தவரை சொல்கிறேன். அந்த ஆய்வகத் தம்பி மீதியைச் சொல்லுவார்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
செய்யூர்.